வெளியே நின்ற சட்டைக்காரிகள்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ் அனுமந்தையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார். கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். பயணிகள் இறங்கி என்னைப் பார்த்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை, அரைக்கைச் சட்டை, கழுத்தளவு வெட்டிய முடி, கையில் ஒரு சூட்கேஸ். என் ஊரான பினாங்கில் இதே உடையில் மார்க்கெட்டுக்கும் போவேன், மாதா கோயிலுக்கும் போவேன். இங்கே வேப்பமர நிழலில் ஒதுங்கியிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சட்டக்காரிம்மா போலக்குது. ஆனா நம்ம நெறமா இருக்குதே" என்றார். ஆங்கிலோ இந்தியப் பெண்களை அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"நான் தமிழ்தாங்க" என்றேன்.

"அப்ப ஏம்மா இப்படி?" என்று கேட்டார். குத்தலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் வந்தது அம்மாவுக்காக. நாலு வயதில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவள் அவள். அதற்குப் பிறகு வாழ்க்கை முழுக்க மலேசியாவில்தான். ஆனாலும் அவள் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல அட்டை வேண்டுமென்றால் எங்கே, எப்போது பிறந்தாள் என்பதற்குச் சான்று கேட்டார்கள். அம்மாவிடம் இருந்த ஒரே சான்று, மரக்காணத்துப் பக்கத்து உப்பள ஊர் ஒன்றில் தனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்ற ஞாபகம்தான். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அன்று இருந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

வெயில் ஏறியதும் ஒரு உப்பு லாரி வந்தது. சரக்கை இறக்கிவிட்டு உப்பளத்துக்குத் திரும்புகிற லாரி. பின்னால் ஏழெட்டுப் பெண்கள். டிரைவர் என்னைப் பார்த்துத் தயங்குவதற்குள் மேலிருந்து ஒரு கை நீண்டு சூட்கேஸை வாங்கியது. அடுத்து என்னைத் தூக்கியது. அந்தக் கைக்காரி ஆரோக்கியம். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, அதன்மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தாள். தலையைச் சுற்றி ஒரு துண்டு. லாரியில் இருந்த எல்லாருமே அப்படித்தான். வேப்பமரத்துக்காரர் என்னை மட்டும் சட்டக்காரி என்று சொன்னது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது.

கோயிலுக்குப் போகிறேன் என்றதும், "நாங்களும் அந்தக் கோயில்தான்" என்றாள் ஆரோக்கியம். பிறகு என் தலையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "ஆனா உங்கள உள்ள வுட மாட்டாங்களே" என்றாள்.

விடவில்லை. பங்குச் சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இருதயநாதன் வாசலிலேயே நின்றார். மெலிந்த, மரியாதையான மனிதர். அம்மாவின் பெயரைக் கவனமாகக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"கோயில்ல நிக்கணும்னா தலையில முக்காடு வேணுங்க. பொடவையும் வேணும்."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். பினாங்கில் அவசரத்துக்கு அது போதும்.

"கைக்குட்ட செல்லாதுங்க. முந்தானதான்" என்றார். எந்தத் துணி செல்லும், எது செல்லாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாமியார் மூன்று கோயில்களுக்குப் பொறுப்பு, சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார், அவர் வந்துதான் பதிவேட்டை எடுக்க வேண்டும் என்றார். அது வெள்ளிக்கிழமை. நான் வெளியில் நின்று உள்ளே பார்த்தேன். இடுப்பில் வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் சட்டையில்லாமல் பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டிருந்தார். முதுகு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் தலையிலும் ஒன்றும் இல்லை.

தங்கியது ஆரோக்கியத்தின் வீட்டில். அவள் கணவர் சென்னையில் ஓட்டல் வேலை. மாதம் ஒருமுறை வருவார். சட்டைகள் அவர் போட்டுக் கழித்தவை. கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். பினாங்கில் காலையில் தேங்காய்ப்பால் சோற்றோடு பொரித்த நெத்திலி சாப்பிடுவோம். கடல் ஒன்றுதான், காய வைக்கும் கை வேறு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் சாமியார் வரும்வரை எனக்கு வேலையில்லை. அவளோடு உப்பளத்துக்குப் போனேன். விடிகிற நேரத்திலேயே எல்லாரும் பாத்திகளில் இருந்தார்கள். ஆண்கள் நீளக் கழி மாட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குகிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அது கழுத்து, தோள், முதுகு என்று இறங்குகிறது. எட்டு மணிக்குள் தரையிலிருந்து அடிக்கும் வெளிச்சம் தாங்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டேன். வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழேயிருந்தும் வருகிறது.

"ஜாக்கெட் போட்டுக்கிட்டு மேல சட்ட போட்டுக்கலாமே?" என்று கேட்டேன்.

ஆரோக்கியம் சட்டைக் கையைச் சுருட்டி அக்குளைக் காட்டினாள். பழைய தழும்புகள், கோடு கோடாக. "வந்த புதுசுல ஜாக்கெட்தான் போட்டேன். உப்புத்தண்ணி காஞ்சதும் துணி தகரம் மாதிரி ஆயிடுது. கூடைக்குக் கைய தூக்கினா அறுக்குது. சட்ட லூசா இருக்குது பாருங்க, காத்து போவுது."

பினாங்கு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் என்ற முறையில் எனக்கு அது நன்றாகவே புரிந்தது. இந்த வேலைக்கு யாராவது யோசித்துச் சீருடை தைத்தாலும் இதைத்தான் தைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் உப்பளத்தில் வேலை உண்டு. வெயில் காலத்தில் விட்டால் பிறகு மழை வந்துவிடும். அதனால் விடியலில் வேலைக்கு வந்து, ஏழு மணிப் பூசைக்கு ஓடி, மறுபடி பாத்திக்கே திரும்புகிறார்கள். சட்டைக்குள் ஜாக்கெட் கிடையாது. கழற்றவும் முடியாது. வீடு எதிர்த்திசையில். ஆகவே அவர்கள் கோயிலின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பூசை பார்க்கிறார்கள். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், நன்மை என்பார்கள், அது அவர்களுக்குக் கிடையாது. பொம்பளை ஆம்பளை உடையில் வந்தால் பாவம் என்று எப்போதோ யாரோ சொன்னது.

"தலையத்தான் மூடியிருக்கீங்களே, துண்டால?"

"துண்டு ஆம்பளைங்களதாம்" என்றாள். "நான் கேட்டுட்டேன் நர்சம்மா, அதையும்."

எங்கள் ஊரிலும் பெண்கள் லேஸ் துணி போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனார்கள். சில வருடங்களாகப் பாதிப் பேர் போடுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் தலையில் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்ரன் வார்டுக்குள் விடமாட்டார். ஆண் நர்சுகளுக்குத் தொப்பி கிடையாது. பன்னிரண்டு வருடமாக அந்தத் தொப்பியை ஊசி குத்தி நிறுத்துகிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சனி சாயங்காலம் ஆரோக்கியத்தின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானையால் தலையை மூடிக் கோயிலுக்குப் போனேன். இருதயநாதன் கும்பிட்டு வழிவிட்டார். சாமியார் இளைஞர், சைக்கிளில் வந்து வியர்த்திருந்தார். ஞாயிறு ஒரு ஞானஸ்நானம் இருக்கிறது, அது முடிந்ததும் பதிவேட்டைத் தேடித் தருகிறேன் என்றார். நான் துணிந்து அந்தத் தாழ்வாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"மேலிடத்துல இப்ப அப்படி ஒரு சட்டம் இல்லீங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஊரு வெச்சிருக்குது. நான் வந்து ஆறு மாசம்தான் ஆவுது." இருதயநாதன் மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.

ஞானஸ்நானம் செசிலியின் பெண் குழந்தைக்கு. செசிலியும் உப்பளக்காரிதான். நிறைமாதத்தில் பாத்தியில் வலி கண்டபோது ஆரோக்கியம்தான் அவளை முதுகில் சுமந்து ரோட்டுக்கு ஓடி, லாரியை மறித்து ஏற்றியவள். அதனால் சடங்கில் குழந்தையை ஏந்தும் ஞானத்தாய் ஆரோக்கியம்தான் என்று குழந்தை கண் திறக்குமுன்பே முடிவாகிவிட்டது. அதற்காக அவள் பச்சைப் புடவை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். ஞாயிறு காலை வேலைக்குப் போகாமல் இருக்க மேஸ்திரியிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஞாயிறு விடியலில் கிழக்கே மேகம் கட்டியது. மேஸ்திரி ஆள் அனுப்பினார். வாரிப்போட்ட உப்பை அம்பாரத்தில் ஏற்றி ஓலை மூடாமல் ஒருவரும் நகரக்கூடாது என்று உத்தரவு. ஆரோக்கியம் பச்சைப் புடவையைப் பார்த்தாள், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். மழை பெய்யவே இல்லை.

பூசை முடிந்தது. செசிலி குழந்தையோடு வாசலில் நின்றாள். ஞானஸ்நானச் சடங்கு வாசலில்தான் ஆரம்பிக்கும். பக்கத்தில் அவள் கணவன் சூசை. ஞானத்தகப்பனாக நிற்க வந்த அவன் அண்ணன், கிழிந்த பனியனும் சேறு காயாத காலுமாக. சாமியார் புத்தகத்தைத் திறக்கும்போது ஆரோக்கியம் ஓடி வந்து சேர்ந்தாள். சட்டையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

இருதயநாதன் கையை நீட்டி மறித்தார். "ஆரோக்கியம், இப்படியே எப்படிம்மா?"

"போய்க் கட்டிக்கிட்டு வர நேரமில்லீங்க. மேஸ்திரி இப்பதான் வுட்டாரு."

"நேரமில்லன்னா முறை மாறிடுமா?"

பின்னால் நின்ற ஆண்களில் யாரோ, "சீக்கிரம் ஆவட்டும்பா" என்றார்கள். சாமியார் இருதயநாதனைப் பார்த்தார், ஆண்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "இந்த அக்கா நிக்கட்டுமே. பொடவையில இருக்காங்க. குழந்தைக்கும் வெளிநாட்டுல ஒரு ஞானத்தாய்."

இருதயநாதன் ஞானத்தாய் பிடிக்கும் மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். மறுக்க வாயெடுத்தேன். ஆனால் பதிவேடு இன்னும் திறக்கப்படவில்லை, கப்பல் வியாழக்கிழமை, அம்மாவின் அட்டை, இதெல்லாம் அந்த ஒரு நொடியில் முன்னால் வந்து நின்றன. ஆரோக்கியத்தின் புடவையைக் கட்டிக்கொண்டு, அவள் இடத்தில், அவளைத் தாண்டிப் போய் நின்றேன். அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. முந்தானை தலையிலிருந்து நழுவுகிறது என்று கண்ணால் ஜாடை காட்டினாள்.

அப்போது செசிலி, "இல்ல சாமி" என்றாள்.

"என்னம்மா?"

"அவ நிக்கலன்னா இன்னைக்கு வேணாம்."

சூசை பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், ஊரு பாக்குது" என்றான்.

"பாக்கட்டும். நான் விழுந்து கிடந்தப்ப ஊரு எங்க இருந்துச்சு? இவதான இருந்தா. இதே சட்டையோடதான் என்னத் தூக்கினா." குழந்தையை ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தாள். ஈரச் சட்டையில் பட்டதும் அது வீறிட்டு அழுதது. இரண்டு பேரும் படியிறங்கி உப்பளப் பக்கம் நடந்தார்கள். ஆரோக்கியத்தோடு ஓடி வந்து தாழ்வாரத்தில் நின்ற பெண்களும் ஒவ்வொருவராக அவர்கள் பின்னால் போனார்கள். பாத்திக்குத் திரும்ப வேண்டிய நேரம்தான் அது, ஆனாலும் வழக்கமாகப் போகிற போக்கு அல்ல.

மெழுகுவர்த்தியை நான் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். யாருடைய முகத்தையும் பார்க்காமல் அவர்கள் பின்னால் போனேன்.

உப்பளத்தில் ஓலைக் கொட்டகை நிழலில் செசிலி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஆரோக்கியத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க அம்மா காயிதம் அங்க இருக்குது" என்றாள். அவள் புரிந்துகொண்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வரப்பின்மேல் ஒரு சைக்கிள் தடுமாறிக்கொண்டு வந்தது. வந்தவர் பாதி வழியில் இறங்கித் தள்ளினார். வெள்ளை அங்கியின் கீழ்விளிம்பு சேற்றுத் தண்ணீரில் புரண்டு பழுப்பாகிவிட்டது. சாமியார்தான். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் எங்கள் எதிரில் வந்து நின்றார்.

ஆரோக்கியம்தான் முதலில், "சாமி, தலையில ஒண்ணும் இல்லாம வந்துட்டீங்களே" என்றாள். கேலியா, அக்கறையா என்று எனக்குத் தெரியவில்லை. தன் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினாள். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார், அவர்கள் கட்டுகிற மாதிரியே.

கூடையோடு நின்ற ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாதுங்க. ஆம்பள கால்வரைக்கும் அங்கி உடுத்தினா அது பூசைக்கு ஆவுது. பொம்பள சட்ட போட்டா மட்டும் பாவமா?"

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் குனிந்து தன் அங்கியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், கடைசியாக செசிலியும்.

"சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க" என்றார். "இப்படியே வாங்க. எல்லாரும்."

இப்படியே போனார்கள். ஆரோக்கியம் மட்டும் வீட்டுக்குப் போய்ப் பச்சைப் புடவை கட்டியிருக்கலாம், நேரம் இருந்தது. கட்டவில்லை. பாத்தியிலிருந்து நேராக வந்து, படியில் காலைக் கழுவிக்கொண்டு, சட்டையோடு உள்ளே நடந்தாள். சில ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். சூசை போகவில்லை. குழந்தைக்கு மரிய ஆரோக்கியம் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே வந்த பெண்கள் பீடத்தைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஜன்னல் வழியாக அது தெரிந்திருக்காது.

இருதயநாதன் கடைசிவரை தூண் பக்கமே நின்றார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கும் அவர் வேலையைச் சாமியாரே செய்துகொண்டார்.

திங்கள் காலை சாமியார் பதிவேட்டை எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இருதயநாதன் பூச்சி அரித்த தாள்களைப் புரட்டி அம்மாவைக் கண்டுபிடித்தார். அந்தோணியம்மாள், தகப்பன் பெயர், தாய் பெயர், நாள், மாதம், வருடம். தெளிவான கையெழுத்தில் அதைச் சான்றிதழில் எழுதினார். அன்று நான் மறுபடி பாவாடை சட்டையில்தான் போயிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மை காயட்டும் என்று காத்திருந்தபோது அவராகவே பேசினார்.

"என் பொண்டாட்டியும் உப்பளத்துக்காரிதாங்க. பதினெட்டு வருசம் வேல செஞ்சா. அவளையும் நான் வெளியதான் நிக்க வெச்சேன். உபதேசியார் பொண்டாட்டியே உள்ள வந்துட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல."

மை காய்ந்ததா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"செத்தப்புறம் பொட்டியிலதான் உள்ள வந்தா. பட்டுப்பொடவ கட்டி, முக்காடு போட்டுக் கொண்டாந்தோம்." சான்றிதழை எடுத்து மெல்ல ஊதினார். "இப்ப இவங்க வர்றது சரின்னா, அவள ஏன் நிக்க வெச்சேன்னு ஆவுதில்லீங்களா. அதான் எனக்கு இவங்கள வுட மனசு வரல."

காகிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். இந்த மனிதரிடம் சொல்வதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே விட்டேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பிய பஸ் எங்கேயும் நிற்கவில்லை. கீழ்புத்துப்பட்டில் ஏறிய ஒரு அம்மாள் என் முடியைப் பார்த்து, "காய்ச்சல்ல கொட்டிப்போச்சா?" என்று பரிவாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு நீல அட்டை வர இன்னும் ஒரு வருடமானது. அது வந்த மாதத்தில் ஆரோக்கியத்திடமிருந்தும் கடிதம் வந்தது. செசிலியின் தம்பி எழுதிக் கொடுத்தது. குழந்தை நடக்கிறாள் என்று ஆரம்பித்து, இப்படிப் போனது.

"அந்தச் சாமிய மாத்திட்டாங்க. புதுச் சாமி வந்த மறுவாரமே பழைய முறைய கொண்டாந்துட்டாரு. சட்டையோட வந்தா தாழ்வாரம்தான்னு சொன்னாரு. நாங்க போவல. உள்ளயே நிக்கிறோம். மொதல்ல நானும் செசிலியும்தான். இப்ப எல்லாரும். நன்மை குடுக்கறப்ப வரிசையா போய் முட்டி போடறோம். சாமி எங்களத் தாண்டிப் போயிடறாரு. தாண்டட்டும்னு இருக்கறோம். உபதேசியார் ஒண்ணும் சொல்றதில்ல, நன்மை கீழ வுழாம ஏந்தற தட்டப் புடிச்சிக்கிட்டு சாமி கூடவே வர்றாரு. போன ஞாயித்துக்கிழம எங்ககிட்ட வந்ததும் அவரு நவுரல. தட்ட என் மோவாய்க்குக் கீழ புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு. சாமியும் நிக்க வேண்டியதா போச்சு."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கடிதத்தில் இல்லை. தாள் அங்கே முடிந்திருந்தது. ஓரத்தில் வேறு மையில் ஒரு வரி மட்டும், அவசரமாக: "நர்சம்மா, ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னாங்க."